ஒழுங்கை முனையில் ஒரு குழாய்

எனக்குக் கடல் தாண்டும் யோகம் ஒரு தண்ணீர் மோட்டாரால் வந்தது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள ஒரு சிறு நகரத்துக்கு மோட்டாரும் பம்பும் போயின. அவற்றைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, உள்ளூர் ஆள் ஒருவருக்குப் பழக்கிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகுட்டிக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். மனைவியை இழந்து, கேட்பார் இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். "உனக்கென்னப்பா, ஊட்டுல ஆரு காத்துட்டு இருக்கறாங்க?" என்றார் முதலாளி. உண்மையைத்தான் சொன்னார் என்பதால் கோபம் வரவில்லை. ஆனால் கப்பலில் ஏறும்வரை அந்தப் பேச்சு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ரயிலடியில் என்னை அழைத்துப் போக நகரசபையின் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் நடராசா வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, வாயில் ஓயாத பேச்சு. மோட்டாரை ஏற்றிச் செல்ல நகரசபையின் டிராக்டர் நின்றது. அருகே போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். காலையில் ஊர்க் குப்பையை அள்ளிய பெட்டியை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. எங்களிட்டை இருக்கிறது உது ஒண்டுதான். விடியக் குப்பை, மத்தியானம் தண்ணிப் பவுசர், பின்னேரம் ரோட்டுக்குக் கல்லு" என்றார்.

பாதி வழியில் தார் பெயர்ந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கிவிட்டது. பின்னால் வந்த ஒரு பழைய கார் நின்றது. அதற்குள்ளிருந்து இறங்கியவர்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். டிராக்டர் மேலேறியதும் ஒரு நன்றியைக்கூட எதிர்பாராமல் மறுபடியும் அதே காருக்குள் அடங்கிப் புறப்பட்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் யோசனை சொல்ல மட்டும்தான் கூட்டம் கூடியிருக்கும்.

மறுநாள் நகரசபைத் தலைவரைப் பார்த்தேன். எல்லோரும் அவரைச் சேர்மன் என்றுதான் சொன்னார்கள். தொழிலில் பிரக்கிராசி, நம்மூர் வழக்கில் வக்கீல். வருடக் கடைசியில் சபை கூடும்போது அவர் ஓர் ஆண்டறிக்கை வாசிப்பது வழக்கமாம். இந்த வருட அறிக்கை மேசைமேல் கிடந்தது. என்னை உட்காரவைத்துப் படித்தே காட்டிவிட்டார். சந்தைக்குப் புதுக் கூரை, கரையோரத் தெருவுக்குத் தார், பிள்ளைப்பேற்று மனைக்கு இன்னும் ஒரு மருத்துவச்சி, வாசிகசாலைக்கு மின்விசிறி. நகரசபைக்கு மூன்று வாகனங்கள் என்று ஒரு வரி வந்தது. குப்பை வண்டி, தண்ணீர் வண்டி, தெருவேலை வண்டி. எனக்கு ஏற்கெனவே அறிமுகமான அந்த ஒரே டிராக்டர்தான் மூன்றுமாக நின்றது.

"ஒண்ணுதானேங்க இருக்குது?" என்றேன்.

"மூண்டு வேலை செய்யுதெல்லோ, அப்ப மூண்டுதான்" என்றார் சேர்மன், சிரிக்காமல். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருசம் லைற்றுக் குடுத்தம். இந்த வருசம் தண்ணி. வாற வருசம் வாய்க்கால். சனம் கேக்கிறதெல்லாத்தையும் ஒரேயடியாச் செய்ய ஏலாது. வருசத்துக்கு ஒண்டெண்டாலும் ஒழுங்காச் செய்யவேணும். உங்கடை மோட்டர் ஓடாட்டில் என்ரை அறிக்கையிலை தலைப்பே இல்லை, தெரியுமே?"

கேலி செய்ய வாய் வந்தாலும் எனக்கு மனிதரைப் பிடித்துவிட்டது. சந்தைக் கூரையை நானே போய்ப் பார்த்தேன். மழைக்கு ஒழுகாத கூரைதான். எங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

என்னைத் தங்கவைத்த இடம் கடலைப் பார்த்த வாடிவீடு. அரசாங்க விருந்தினர் தங்கும் விடுதியை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அந்த வாரம் விருந்தினன் நான் ஒருவன்தான். சமையற்காரர் மூன்று வேளையும் பாணும் பருப்பும் வைத்தார். பாண் என்பது நம்முடைய ரொட்டிதான். அதற்கும் விடியலில் கடை வாசலில் வரிசை நிற்க வேண்டிய காலம் அது. சீனியோ கண்ணில் காணவே கிடைக்காது. மாலையில் வேலை முடிந்து தெருவில் நடந்தால் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனையோலை வேலி. வேலிக்கு அப்பால் பேச்சு கேட்கும், சிரிப்பு கேட்கும், மீன் பொரிக்கும் மணம் வரும். முகம் மட்டும் ஒன்றும் தெரியாது. என் மொழியையே பேசும் ஊரில் அவ்வளவு தனிமையாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரில் இருந்தால் மட்டும் என்ன, பூட்டைத் திறந்து இருட்டு வீட்டுக்குள் நுழைகிறவன்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது தேறுதலாகவும் இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓவசியர் வேறு ஏற்பாடு செய்தார். தன் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் பாக்கியம் என்ற அம்மாள் தனியாக இருக்கிறார், அவர் சமைத்துக் கொடுப்பார் என்றார். ஒழுங்கை என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் சந்து. எனக்குப் பத்து வயது மூத்தவராக இருந்ததால் பாக்கியக்கா என்றே கூப்பிட்டேன். கணவர் தோணித் தண்டயல். பாய்மரத் தோணியை நடத்திக்கொண்டு எங்கள் கரை வரைக்கும் வந்து போனவராம். ஒரு புயலில் போனவர் திரும்பவில்லை. ஒரே மகன் ஏதோ வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்தான். "கடிதம் போடுவான். கடல் அவனுக்கு எப்ப நேரம் குடுக்குதோ, அப்ப" என்றார்.

பருத்த குத்தரிசிச் சோறு, உதிர்த்து வதக்கிய சுறா வறை, முருங்கைக்காய்க் குழம்பு, கடைசியில் தேங்காய்ப் பாலில் வைத்த சொதி. சொதியைத்தான் குழம்பு என்று நினைத்து முதலிலேயே ஊற்றிக்கொண்டேன். பாக்கியக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். மனைவி போன பிறகு என் சாப்பாட்டைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அந்த ஊரில் பெரும்பாலான கிணறுகள் உவர். கடல் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. பாக்கியக்கா வீட்டுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு. காலையில் அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். ஒருநாள் சீக்கிரமாகப் போய்விட்டதால் நானும் பார்த்தேன். சிலர் வேலிக் கதவான படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து தாங்களே அள்ளினார்கள். வேறு சிலர் குடங்களை வேலியோரம் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். கிணற்றுக் கட்டில் அவர்கள் கை படக் கூடாது. சாதிதான், வேறென்ன. அவர்களுக்குப் பாக்கியக்காவே அள்ளி ஊற்றினார். கூலியாள் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. ஊற்றும்போதே யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய புருஷன் குடித்துவிட்டு வந்தான் என்று எல்லாக் கதையும் கேட்டார், புத்தியும் சொன்னார், திட்டவும் திட்டினார். எங்கள் ஊரில் இதைவிடக் கொடுமையாகப் பார்த்திருக்கிறேன். ஆகையால் வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பிற்பகலில் நான் சாப்பிடப் போகும்போது அந்த முற்றமே வேறு முற்றமாக இருக்கும். ஒரு காகம்கூடக் கத்தாது. பாக்கியக்கா நான் சாப்பிட்டு முடித்த பிறகும் எழவிடாமல் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கும் எழுந்திருக்க மனம் வராது.

நகரசபை தோண்டிய கிணறு ஊருக்கு உள்ளே, தோட்ட நிலத்தில் இருந்தது. அங்கிருந்து குழாய் பதித்துத் தெருக்களில் பொதுக் குழாய்கள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று பாக்கியக்காவின் ஒழுங்கை முனைக்கு வந்தது. படலையில் நின்றால் தெரியும் தூரம். குழி வெட்டிய அன்றே அவர் பேச்சை எடுத்தார்.

"தம்பி, உந்தக் குழாயை இஞ்சை வைக்காமல் ரெண்டு மூண்டு ஒழுங்கை தள்ளி வைக்கேலாதோ? மோட்டர் உங்கடை எல்லோ, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் ஓவசியர் கேப்பார்."

தன் கிணற்றுக்குக் கெடுதல் வரும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பயம் அங்கே நியாயமானதுதான். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்து கிணறு உப்பாகிவிடும். நகரசபைக் கிணறு எவ்வளவோ தள்ளி இருக்கிறது, இங்கே ஒரு துளிகூடக் குறையாது, உப்பும் ஏறாது என்று எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி வத்துமெண்டு நான் பயப்பிடேல்லை தம்பி. ஆக்கள் வத்திப் போவினம்."

சொல்லிவிட்டு என் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "விடிஞ்சால் நாலு சனம் வருது. அதிலைதான் நான் எழும்புறன். குழாய் வந்தால் இந்தப் படலையை ஆர் திறப்பினம்? மகன் வரும்வரைக்கும் நான் ஆரோடை கதைக்கிறது?"

எனக்கு அவர் சொன்னது புரியாமல் இல்லை. அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ள அந்த ஊரில் வேறு ஆள் இருந்திருக்க மாட்டார். குழாயின் இடத்தை மாற்றுவது பெரிய காரியமும் இல்லை. அழுத்தம் போதாது, கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் ஓவசியர் மறு கேள்வி கேட்காமல் வேறு குழி வெட்டுவார். மறுநாள் அதைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் ஒழுங்கை முனைக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, வெட்டிய குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியோரம் குடம் வைத்துக் காத்திருப்பவர்களில் ஒருத்தி. பாக்கியக்கா தங்கம் என்று கூப்பிட்டது நினைவிருந்தது.

"ஐயா, தண்ணி எப்ப வரும்?"

"இந்த வாரத்துக்குள்ள வந்துரும்மா."

"எங்களையும் பிடிக்க விடுவினமோ?"

"பொதுக் குழாய்தானேம்மா. யார் வேணும்னாலும் பிடிக்கலாம்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பாக்கியம்மா நல்லவ ஐயா. ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. அவ கோயிலுக்குப் போனால் நாங்கள் வெயிலுக்கை நிப்பம். வருத்தம் காய்ச்சலெண்டு படுத்தால் ஆர் ஊத்துறது? பிள்ளை தண்ணிக்கு அழும். அவவிலை பிழையில்லை. எண்டாலும் ஒரு வாளி தண்ணியை என்ரை கையாலை நான் அள்ளினதில்லை, பாருங்கோ."

ஓவசியர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "என்ன அண்ணை, இடம் சரிதானே?" என்றார். சரிதான் என்றேன்.

அன்று சாப்பிடப் போனபோது பாக்கியக்காவிடம் மறைக்கவில்லை. குழாய் அங்கேதான் வரும், நான் தடுக்கவில்லை, தங்கத்தோடு பேசிய பிறகு எனக்கு மனம் வரவில்லை என்றேன்.

"தங்கம் என்னைக் குறை சொன்னவளோ?" என்று கேட்டார்.

"நல்லவங்கன்னுதான் சொல்லுச்சுங்க."

அவர் சொதியை ஊற்றினார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் சாப்பாடு நேரம் தவறாமல் இருந்தது, ருசியும் குறையவில்லை. ஆனால் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவார். மறுபடியும் நான் தனியாகச் சாப்பிட்டேன். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று தெரியாமல் ஒரு வாய் சோற்றை விழுங்குவது பாணையும் பருப்பையும் விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மின்சாரம் கொடுக்கத் தெற்கிலிருந்து ஒரு சிங்களத் தொழிலாளி வந்தார். மோட்டார் அறையைச் சுற்றி எப்போதும் ஊர்க் கூட்டம், ஆளுக்கொரு அபிப்பிராயம். அவர் கம்பத்தின் மேலிருந்தபடி ஏதோ சொல்லிச் சிரித்தார். ஓவசியர் எனக்கு மொழிபெயர்த்தார்: "தண்ணி வராமலே இவங்கள் இவ்வளவு கதைக்கிறாங்கள், தொண்டை நனைஞ்சால் எவ்வளவு கதைப்பாங்களோ எண்டு கேக்கிறார்." கூட்டத்தில் இருந்தவர்களும் கோபிக்காமல் சிரித்தார்கள். வேலை முடிந்ததும் அவரும் நானும் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து, பேச மொழி இல்லாமல், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம்.

திறப்பு விழாவுக்கு அளவெட்டி என்ற ஊரிலிருந்து நாதசுரம் வந்தது. சேர்மன் மாலையும் கழுத்துமாக ஆண்டறிக்கையை முழுக்க வாசித்தார். மூன்று வாகனங்கள் என்ற இடத்தில் ஓவசியர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், சந்தை முகப்புக் குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு செங்கல் நிறத்தில் துருத் தண்ணீர் சேர்மனின் வேட்டியில் தெறித்தது. கூட்டம் "ஓ" என்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அந்த ஈர வேட்டியோடு அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது, அறிக்கையில் இன்னும் பத்து வண்டி கூட்டி எழுதினாலும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. பாக்கியக்கா விழாவுக்கு வரவில்லை.

மறுநாள் நான் புறப்படும் நாள். காலையில், ஒழுங்கை முனைக் குழாய் கசிகிறது என்று ஓவசியர் சொன்னதால் ஒரு வாஷரை எடுத்துக்கொண்டு போய் மாற்றினேன். விடைபெற அப்படியே பாக்கியக்கா வீட்டுக்கும் போனேன். கிணற்றடி கூட்டிக் கழுவியிருந்தது. வாளி கட்டின்மேல் தயாராக இருந்தது. படலையைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். படலை அசைந்ததும் முகம் மலர்ந்து, நான்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் வாடியது. வேறு யாரும் வரவில்லை.

"வெளிக்கிட்டிட்டியளோ தம்பி? இருங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

உள்ளே போனவர் இடுப்பில் வெறுங்குடத்தோடு வெளியே வந்தார். கிணற்றைத் தாண்டி நடந்தார். படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

குழாயடியில் ஒரு விசித்திரம். உள்ளே வந்து அள்ளும் வழக்கமுள்ள பெண்கள் நான் வாஷர் மாற்ற வருமுன்பே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் போன பிறகு வந்த தங்கமும் மற்றவர்களும் மட்டும் இருந்தார்கள். குடங்களைக் குழாயைச் சுற்றி வரிசையாக வைத்துவிட்டு, வேலியோரம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். குழாய் மூடியிருந்தது. யாராவது வந்து திறந்து ஊற்றுவார்கள் என்று காத்திருந்தார்கள்.

பாக்கியக்காவைக் கண்டதும் அவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தங்கம் தன் குடத்தைக் குழாய்க்கு நேரே நகர்த்தி வைத்துவிட்டு விலகி நின்றாள். பாக்கியக்காவின் கை தானாகக் குழாய் மேல் போனது. ஊற்றுவதற்கு இன்னும் ஒரு காரணம் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்து, உள்ளூர மகிழவும் செய்தேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இது என்ரை கிணறில்லைத் தங்கம். நீயே திற."

தங்கம் மற்றவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய்க் குழாயைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினாள். தண்ணீர் குடத்தில் மோதிச் சீறி அவள் முகத்திலும் குழந்தையின் தலையிலும் அடித்தது. குழந்தை வீறிட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மெல்லப் பிள்ளை, மெல்ல" என்று பாக்கியக்காவும் சிரித்தார். பிறகு தன் குடத்தைக் கடைசிக் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வரிசையில் நின்றார். நின்ற இடத்திலிருந்தே, "உன்ரை மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்று கேட்டார். தங்கம் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திப் பதில் சொன்னாள். அதற்கு வேறொருத்தி ஏதோ சொல்ல, பேச்சு பற்றிக்கொண்டது.

பாக்கியக்காவின் முறை வந்தபோது தங்கம் இன்னும் போகவில்லை. ஒன்றும் கேட்காமல் அவர் குடத்தை எடுத்துக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். பாக்கியக்கா ஒரு கணம் அவள் கையைப் பார்த்தார். மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குடம் நிரம்பியதும் அவர் குனிந்து, தங்கமும் ஒரு கை கொடுக்க, அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து அந்தத் தண்ணீரிலேயே தேநீர் போட்டார். பனங்கட்டித் துண்டோடு என் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்துவிட்டு, தானும் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"நல்லாயில்லைத் தம்பி. இரும்பு மணக்குது. என்ரை கிணத்துத் தண்ணிக்குக் கிட்டவும் வராது." இன்னொரு வாய் குடித்துவிட்டு, படலைப் பக்கம் பார்த்தபடி சொன்னார்: "ஒருநாளிலை என்ன தெரியும்? நாளைக்கும் ஒருக்காப் போய்ப் பிடிச்சுப் பாக்கத்தான் வேணும்."

தேநீர் நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.